பிறை ஆற்றில் பார்ஜுக்குப் புது பிரைடில் கட்டிய அனுபவம்

எங்கள் சரக்கு பார்ஜின் முகப்பில் கட்டிய புது பிரைடில், அதாவது இழுப்பதற்கான இரண்டு கால் கட்டு, தென்மேற்குப் பருவம் முழுவதையும் அறுபடாமல் தாண்டிவிட்டது. இனி இதைப் பற்றித் தைரியமாக எழுதலாம். கயிறு அறுந்தால் அதைவிடத் தடித்த கயிறாக வாங்கு என்பதுதான் மலேசியாவில் பினாங்குப் பக்கம் பிறை ஆற்றங்கரையில் எல்லோரும் சொல்லும் யோசனை. எங்கள் பார்ஜில் கோளாறு தடிமனில் இல்லை, நீளத்தில் இருந்தது. சின்ன பார்ஜ் இழுக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அளவு, செலவு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்களிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மச்சானும் நானும் சேர்ந்து ஓட்டுவது 12 மீட்டர் நீள டக்போட், அதாவது இழுவைப் படகு. 350 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், ஒரே புரொப்பெல்லர். அது இழுப்பது 18 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள தட்டையான பார்ஜ். பார்ஜுக்குச் சொந்தமாக எஞ்சின் கிடையாது, சுக்கானும் கிடையாது. பாகான் டாலாம் பக்கம் கல், மணல், சிமெண்டு, மரத்தூண் எல்லாம் ஏற்றிக்கொண்டு, தெற்கே புலாவ் ஜெரெஜாக், புலாவ் அமான் தீவுகள் பக்கம் நடக்கும் படகுத்துறை வேலைகளுக்கும் மீன் கூண்டுப் பண்ணைகளுக்கும் கொண்டுபோவோம். ஆற்றுக்குள் பார்ஜை டக்போட்டின் விலாவோடு கட்டிக்கொண்டு நகர்த்துவோம். முகத்துவாரம் தாண்டியதும் அதைப் பின்னால் விட்டு, நீளக் கயிற்றில் இழுப்போம்.

பின்னால் இழுக்கும்போதுதான் பிரைடில் தேவைப்படுகிறது. பார்ஜின் முகப்பில் இரண்டு மூலையிலிருந்தும் ஒவ்வொரு கால் புறப்பட்டு, முன்னால் ஒரு புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியிலிருந்து இழுவைக் கயிறு டக்போட்டின் கொக்கிக்குப் போகும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி, பார்ஜின் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த இரண்டு கால்தான் அதைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரும்.

எங்கள் பழைய பிரைடில் 40 மில்லிமீட்டர் நைலான் கயிறு. காலுக்கு 3 மீட்டர். முகப்பு போலார்டுகளில் (கயிறு மாட்டும் குட்டை இரும்புத் தூண்கள்) கண்ணியை மாட்டி அப்படியே இழுத்துக்கொண்டிருந்தோம். பினாங்குப் பாலத்துக்குத் தெற்கே ஒரு விடியற்காலையில் இடது கால் அறுந்தது. பார்ஜ் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு குறுக்கே திரும்பிவிட்டது. காற்று இல்லாத நேரம் என்பதால் சேதம் இல்லை.

அறுந்த முனையை நான் தூக்கிப் போடவில்லை. யாரும் போடவும் கூடாது, விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பாரம் தாங்காமல் அறுந்த கயிறு எல்லா இழையும் துடைப்பம் மாதிரி விரிந்து நிற்கும். எங்கள் கயிற்றில் மூன்று இழையில் ஒன்றுதான் அப்படி விரிந்திருந்தது. மற்ற இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து, நுனி உருகிக் கண்ணாடி போலக் கட்டியாகி, விரலால் தட்டினால் டக் டக்கென்றது. நடுவில் கறுப்புத் துரு தூள் ஏறியிருந்தது. பார்ஜ் விளிம்புத் தகட்டில் உராய்ந்து உராய்ந்து இரண்டு இழை போய், கடைசி இழை மட்டும் பாரம் தாங்காமல் போயிருக்கிறது. அறுந்த இடத்தைப் போலார்டிலிருந்து அளந்தால் 42 சென்டிமீட்டர். விளிம்பும் அங்கேதான்.

இருந்தாலும் முதலில் செய்தது ஊர் யோசனைதான். 48 மில்லிமீட்டர் கயிறு வாங்கி, அதே 3 மீட்டர் நீளத்தில் கட்டி, விளிம்பில் பழைய தீயணைப்புக் குழாயைக் கிழித்துச் சுற்றினோம். சில வாரத்திலேயே குழாய் கிழிந்து, உள்ளே கயிற்றில் மயிர் எழும்பிவிட்டது. தடித்த கயிறு அதே கூர்மையான விளிம்பில் இன்னும் மோசமாக மடிகிறது. அப்போதுதான் டேப்பை எடுத்து முழுசாக அளக்க உட்கார்ந்தோம்.

பார்ஜ் காலியாக இருந்த நாளில் மேல்தளத்தில் சாக்பீஸால் உண்மை அளவிலேயே படம் போட்டோம். இரண்டு இழுவைப் புள்ளிகளுக்கும் நடுவே 5 மீட்டர். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி வைத்து, 3 மீட்டர் நூல் கட்டி, நுனிகள் சேரும் இடத்தில் புள்ளி வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோதே தெரிந்துவிட்டது. கால்கள் முன்னால் போகவில்லை, பக்கவாட்டில்தான் அதிகம் போகின்றன. நடுவே இருந்த கோணம் 113 டிகிரி.

கோணம் விரிய விரிய ஒவ்வொரு காலிலும் ஏறும் பாரம் கூடும். 113 டிகிரியில் மொத்த இழுவையில் 90 விழுக்காடு ஒவ்வொரு காலிலும் ஏறுகிறது. இரண்டு கால் இருந்தும் பங்குபோடுவதே கிடையாது. 120 டிகிரிக்குப் போனால் ஒவ்வொரு காலும் முழு பாரத்தையும் சுமக்கும். 60 டிகிரிக்குள் வைத்தால் 58 விழுக்காட்டுக்கு மேல் போகாது. இதைக் கணக்குப் போடாமலே பிடிக்க ஒரு வழி உண்டு. காலின் நீளம், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்குச் சமமாக இருந்தால் கோணம் சரியாக 60. அதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் 6 மீட்டர் என்று முடிவு செய்தோம். கோணம் 49 டிகிரிக்கு வந்தது, காலுக்கு 55 விழுக்காடு பாரம்.

பாரம் மட்டும் இல்லை. பழைய கால் நடுக்கோட்டிலிருந்து 56 டிகிரி சாய்ந்து விளிம்பைக் கடந்தது. பார்ஜ் இடம் வலமாக ஆடும் ஒவ்வொரு முறையும் கயிறு விளிம்பின் நெடுக ரம்பம் போல் போய் வந்திருக்கிறது. 25 டிகிரியில் அந்த ஓட்டம் வெகுவாகக் குறையும்.

அடுத்து எவ்வளவு பலம் வேண்டும் என்ற கேள்வி. சாதாரண புரொப்பெல்லர் உள்ள டக்போட்டுக்கு 100 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 1 டன் இழுவை என்று தோராயமாக வைத்துக்கொள்வார்கள். எங்களுடையது 3.5 டன். சின்ன டக்போட்டுகளுக்கு இழுவைக் கயிற்றின் அறுபடும் பலம் அதைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அலையில் ஒரு சுண்டு சுண்டும்போது பாரம் இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு. ஆக 10.5 டன். கொஞ்சம் கூட்டி 12 டன் என்று வைத்துக்கொண்டோம். பிரைடிலின் ஒவ்வொரு காலும் தனியாகவே அந்த 12 டன்னைத் தாங்க வேண்டும், ஏனென்றால் ஒரு கால் போனால் மற்றதுதான் பார்ஜைப் பிடித்திருக்கும்.

விளிம்பில் உரசுகிற இடத்தில் கயிறு இருக்கவே கூடாது என்று தீர்மானித்து, கால்களைச் சங்கிலியாக மாற்றினோம். கிரேட் 80 என்ற பலம் கூடிய எஃகுச் சங்கிலி, 13 மில்லிமீட்டர். அறுபடும் பலம் 21 டன். மீட்டருக்கு 3.8 கிலோ எடை. இரண்டு காலும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் தொங்குவதால் சுண்டுதலையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் சாமான் கடையில் மீட்டர் 65 வெள்ளிக்கு (ரிங்கிட்) 12 மீட்டர் வாங்கினோம். கூடவே 4.75 டன் ஷேக்கிள் (ஊசி போட்டு மூடும் U வடிவ இணைப்பு) ஆறு, ஒன்று 55 வெள்ளி. அந்த 4.75 என்பது வேலைப்பாரம். அறுபடும் பலம் அதில் ஆறு மடங்கு. ஷேக்கிள் வாங்கும்போது போல்ட், நட்டு, அதன் மேல் பிளவு ஊசி உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். வெறும் திருகு ஊசி உள்ளது, இழுவையின் அதிர்வில் தானாகக் கழன்றுவிடும்.

கடையில் பலத்தைப் பார்த்தோமே தவிர ஒன்றை இன்னொன்றுக்குள் நுழைத்துப் பார்க்கவில்லை. பட்டறையில் வந்து மாட்டப் போனால் ஷேக்கிள் ஊசி 22 மில்லிமீட்டர், சங்கிலிக் கண்ணியின் உள்ளகலம் 17 மில்லிமீட்டர். நுழையாது. கிரேட் 80 சங்கிலி பலத்துக்கு ஒல்லி. அதே பலமுள்ள ஷேக்கிள் எதுவும் அதன் கண்ணிக்குள் நேராகப் போகாது. பட்டறை வெல்டர் கடைசிக் கண்ணியை வெட்டி பெரிய வளையம் ஒன்றை வைத்து ஒட்டித் தருகிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அதைச் செய்யவே கூடாது. இந்தச் சங்கிலியின் பலம் அதைச் சூடாக்கிப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட கண்ணி அந்தப் பலத்தை இழந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. சரியான வழி, அதே கிரேடில் இரண்டு பாதியாகப் பிரிந்து நடுவே ஊசி அடிக்கும் ஹேமர்லாக் இணைப்புக் கண்ணியும் பெரிய ஓவல் வளையமும். ஒவ்வொரு காலின் இரண்டு நுனிக்கும் ஒவ்வொன்று. நான்கு ஹேமர்லாக் 180 வெள்ளி, நான்கு வளையம் 240 வெள்ளி. இவை சேர்க்கும் நீளத்தையும் கணக்கில் எடுத்துத்தான் சங்கிலியை 5.6 மீட்டரில் வெட்டினோம்.

கால்கள் சேரும் இடத்துக்கு முக்கோணத் தகடு. 25 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வெட்டி, மூன்று மூலையிலும் 25 மில்லிமீட்டர் துளை. துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை 45 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டோம். ஓரம் குறைந்தால் ஊசி தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஷேக்கிள் வாய் 31 மில்லிமீட்டர் என்பதால் தகடு தாராளமாக உட்கார்ந்தது. மூலைகளை உருட்டி, துளை விளிம்புகளை அரத்தால் மழுக்கி எடுக்க ஒரு மாலை போனது.

இனி பார்ஜ் பக்கம். சங்கிலியைப் போலார்டில் சுற்ற முடியாது, இழுவைக் காது, அதாவது ஷேக்கிள் மாட்டத் துளை உள்ள நிமிர்ந்த தகடு வேண்டும். மேல்தளம் 8 மில்லிமீட்டர் தகடு. அதன் மேல் காதை நேராக ஒட்டினால் தகடோடு பிய்த்துக்கொண்டு போகும். அடியில் குறுக்குச் சுவரும் நீளவாட்டுச் சட்டமும் சந்திக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தோம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் வெற்றுத் தகடு தம்மென்று அதிரும், சட்டம் இருக்கும் இடத்தில் சத்தம் சட்டென்று அடங்கும். அப்படி அடங்கிய இடங்களையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு இணைத்தபோது அடிச்சட்டம் முழுதும் மேலே வரைபடமாக வந்துவிட்டது. சந்திப்பின் மேல் 12 மில்லிமீட்டர் இரட்டைத் தகடு, மூலைகள் உருட்டியது. அதன் மேல் 25 மில்லிமீட்டர் காது. காதை நடுக்கோட்டுக்கு இணையாக வைக்காமல், கால் போகும் திசையில், 25 டிகிரி உள்பக்கம் திருப்பி வைத்தோம். தகடு தன் நீளவாக்கில் இழுபட்டால் தாங்கும், பக்கவாட்டில் இழுபட்டால் மடியும். பார்ஜ் ஆடும்போது கொஞ்சம் பக்கவாட்டு பாரம் வரத்தான் செய்யும், அதற்காக இரண்டு பக்கமும் முட்டுத் தகடு கொடுத்தோம். வெல்டிங்குக்கு 7018 ராடு, 3.2 மில்லிமீட்டர்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வெல்டிங்குக்கு முன்னால் அடியில் உள்ள அறையைத் திறக்காமல் தொடாதீர்கள். பார்ஜின் காலி அறைகள் வருடக்கணக்கில் மூடியே கிடக்கும். உள்ளே துரு பிடிக்கப் பிடிக்க அது காற்றில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது, உள்ளே குனிந்த ஆள் அப்படியே விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்கியவரும் கூடவே விழுவார். வாடகைக்கு எடுத்த காற்றளவியைக் கயிற்றில் கட்டி இறக்கியபோது ஆக்ஸிஜன் 17.8 விழுக்காடு காட்டியது. வெளிக்காற்றில் 20.9 இருக்க வேண்டும். இரண்டு மூடியையும் திறந்து, ஊதுவிசிறி வைத்து, மறுநாள் காலை 20.9 வந்த பிறகும், எரியக்கூடிய வாயு பூஜ்யம் என்று பார்த்த பிறகும்தான் வெல்டரை விட்டோம். மேலே ஒட்டும்போது அடிப்பக்கப் பெயிண்ட் எரியும் என்பதால், மூடிக்குப் பக்கத்தில் தீயணைப்பானோடு ஓர் ஆள் நின்றார். உள்ளே யாரும் இறங்கவில்லை. விசிறிக்கும் கருவிக்கும் சேர்த்து 180 வெள்ளி வாடகை. இந்த வேலையிலேயே மிகச் சரியாகச் செலவான பணம் அதுதான்.

ஒட்டிய பிறகு சாயச் சோதனை. துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை மருந்து அடித்தால் விரிசல் இருந்த இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும். வலது காதின் முட்டுத் தகட்டு முனையில் ஒரு சின்னக் கோடு வந்தது. அரைத்து எடுத்து மறுபடி ஒட்டினோம். மூன்று டப்பாவும் சேர்த்து 110 வெள்ளி.

பிறகு கயிறு. பிரதான இழுவைக் கயிறு 40 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன், மூன்று இழை, அறுபடும் பலம் ஏறத்தாழ 20 டன். மிதக்கும் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தோம். நைலான் மூழ்கும், அவிழ்த்துவிடும் நேரத்தில் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். ஆனால் முக்கோணத் தகட்டுக்கும் இந்தக் கயிற்றுக்கும் நடுவில் 12 மீட்டருக்கு 36 மில்லிமீட்டர் துண்டு ஒன்று போட்டோம், பலம் 16 டன். வேண்டுமென்றே கொஞ்சம் பலம் குறைந்த துண்டு. எப்போதாவது அறுந்தே ஆக வேண்டும் என்றால் இங்கே அறுபடட்டும். ஆட்கள் நிற்கும் டக்போட்டிலிருந்து தூரத்தில், விலை குறைந்த இடத்தில், மாற்றச் சுலபமான இடத்தில். கால்களோ காதோ போனால் பார்ஜ் கையைவிட்டுப் போய்விடும். இழுபட்டு அறுந்த கயிறு திரும்பி வந்து அடிக்கும் வேகத்தில் ஆள் பிழைப்பது அரிது என்பதால், எந்த இடம் முதலில் போகும் என்று முன்னாலேயே முடிவு செய்துவைப்பது நல்லது.

கயிற்று நுனிகளில் திம்பிள் (கயிறு தேயாமல் உள்ளே வைக்கும் இரும்பு வளைவு) வைத்துக் கண், அதாவது வளையம், பின்ன வேண்டும். முடிச்சு போட்டால் பலத்தில் பாதி போய்விடும், ஒழுங்காகப் பின்னினால் பத்தில் ஒரு பங்குதான் போகும். இதற்குப் பாகான் டாலாமில் இருக்கும் ஒரு நானாவை, தமிழ் முஸ்லிம் பெரியவரை, பிடித்தோம். பட்டர்வொர்த்தில் ஆழ்நீர்த் துறை வருவதற்கு முன்னால், கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, சரக்கைத் தொங்கான் என்ற சரக்குப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்த காலத்தில் வேலை செய்தவர். அந்தத் தொங்கான் வேலையில் பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். இன்று அதைப் பற்றிப் பேச ஆள் குறைந்துவிட்டது.

நானா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தார். நுனியிலிருந்து ஒரு மீட்டர் வரை இழைகளைப் பிரித்து, ஒவ்வொரு நுனியையும் டேப் சுற்றி, கூம்பு மர ஊசியால் கயிற்றின் முறுக்கைத் திறந்து, ஒன்றன் மேல் ஒன்று, ஒன்றன் கீழ் ஒன்று என்று நுழைக்க வேண்டும். சணல் கயிற்றுக்கு மூன்று சுற்று போதும் என்றார். பாலிப்ரொப்பிலீன் வழுக்கும், அதனால் ஐந்து முழுச் சுற்று, அப்புறம் இழையைக் குறைத்துக் குறைத்து இரண்டு சுற்று. என் கையில் இழை தளர்ந்து தட்டையாகிக்கொண்டே வந்தது.

“தம்பி, நுழைக்கும்போதே முறுக்கிக்கிட்டே விடு. தட்டையா போனா அந்த இழை பாரமே தூக்காது, சும்மா கூட வந்துகிட்டு இருக்கும்” என்றார்.

அந்தப் பின்னலைப் பிரித்து மறுபடி போட்டேன். திம்பிளைச் சுற்றிக் கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆள் பலத்தால் ஆட்டினால் அசையக் கூடாது. ஈரமாகி இழுபட்ட பிறகு கயிறு நீண்டு, தளர்ந்த திம்பிள் கீழே விழுந்துவிடும். நுனிகளை மெழுகுவத்தியில் உருக்கி ஒட்டினோம். வேலை முடிந்ததும் கூலி பேசப்போனோம், “பசங்களுக்குச் சொல்லிக்கொடு, அது போதும்” என்று சொல்லிவிட்டார்.

கூடவே இரண்டு சின்னக் கயிறு. ஒன்று, முக்கோணத் தகட்டிலிருந்து பார்ஜ் முகப்புக்கு 16 மில்லிமீட்டர் கயிறு. அவிழ்க்கும்போது சங்கிலியைத் தூக்கி எடுக்க இது இல்லாவிட்டால் முதுகு போய்விடும். மற்றது அவசரக் கயிறு. 24 மில்லிமீட்டர், 40 மீட்டர். முகப்பில் கட்டி, பார்ஜின் பக்கவாட்டில் மெல்லிய நூலால் அங்கங்கே கட்டிக்கொண்டுபோய், பின்னால் மிதவையோடு நீரில் விட்டிருக்கிறோம். இழுவை அறுந்தால் பார்ஜில் ஏறாமலே மிதவையைப் பிடித்து இழுக்கலாம், நூல் ஒவ்வொன்றாக அறுந்து கயிறு கையில் வரும். முன்பு கால் அறுந்தபோது மச்சான் ஆடும் பார்ஜில் தாவி ஏற வேண்டியிருந்தது. அந்த மாதிரி இன்னொரு முறை நடக்கக் கூடாது.

சோதனையைக் கரையிலேயே செய்தோம். பார்ஜைத் துறைத்தூணில் பின்னாலிருந்து கட்டி, டக்போட்டை முன்னால் விட்டு, நடுவில் இரும்புக்கடையில் இரவல் வாங்கிய 5 டன் தொங்கு தராசை மாட்டினோம். எஞ்சினைப் படிப்படியாக ஏற்றினோம். முழு வேகத்தில் தராசு 3.4 டன் காட்டியது. அங்கேயே பத்து நிமிடம் நிறுத்தி வைத்தோம். கயிறு போகும் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடவில்லை. பிறகு எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம். சங்கிலிக் கண்ணி எதுவும் நீளவில்லை, காதுகளில் பெயிண்ட் கூட வெடிக்கவில்லை, பின்னல்கள் மட்டும் ஒரு விரல்கடை அளவுக்கு இறுகியிருந்தன. கொக்கியின் விடுவிப்பானையும் பாரத்தோடு ஒரு தட்டு தட்டிப் பார்த்தோம், விட்டது. டக்போட் திரும்பும் நேரத்தில் கயிறு பக்கவாட்டுக்குப் போய் இழுத்தால் படகையே கவிழ்த்துவிடும். அந்த நொடியில் கொக்கி விட வேண்டும். துருப்பிடித்து விடாத கொக்கியோடு வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓதம் வற்றத் தொடங்கிய நேரத்தில் ஆற்றுக்குள் விலாவில் கட்டிப் புறப்பட்டோம். டக்போட்டின் பின்பகுதி பார்ஜின் பின்விளிம்பைத் தாண்டி நிற்கும்படி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் புரொப்பெல்லருக்கும் சுக்கானுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காது. மூக்கைக் கொஞ்சம் பார்ஜ் பக்கம் சாய்த்துக் கட்டினால் நேராகப் போகும். பிறைத் துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல்களைத் தாண்டியதும் பார்ஜை அவிழ்த்துப் பின்னால் விட்டோம். முதலில் 30 மீட்டர், வரிசை நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக 100 மீட்டர் வரை கொடுத்தோம்.

4 நாட் (மணிக்கு 7 கிலோமீட்டர் போல) வேகத்தில் வித்தியாசம் கண்ணிலேயே தெரிந்தது. முன்பு பார்ஜ் இடமும் வலமுமாகத் தன் அகலத்தைப்போல மூன்று மடங்கு தூரம் அலையும். இப்போது ஆட்டம் பாதியாகிவிட்டது. மீதி ஆட்டத்துக்குக் காரணம் சரக்கு. கற்களை முன்பக்கம் அதிகம் ஏற்றியிருந்தோம். முகப்பு அழுந்தினால் பார்ஜ் வழி தேடி அலையும், பின்பக்கம் அழுந்தினால் அடங்கி வரும். அடுத்த பாரத்தில் கற்களைப் பின்னுக்கு நகர்த்தி, முகப்பை விடப் பின்பக்கம் 20 சென்டிமீட்டர் ஆழமாக இருக்கும்படி ஏற்றினோம். அதற்கப்புறம் பார்ஜ் டக்போட்டின் தடத்திலேயே வந்தது. இதற்குச் செலவு ஒரு வெள்ளி கூட இல்லை.

பினாங்குப் பாலத்தின் நடுக்கண், அதாவது நடுத் தூண்களுக்கு இடையே உள்ள வழி, 225 மீட்டர் அகலம். எங்களுக்கு அது தாராளம், ஆனால் நீரோட்டம் தூண்களைச் சுற்றித் திருப்பும் என்பதால் அங்கே கயிற்றை 40 மீட்டருக்குக் குறைத்துக்கொள்கிறோம். டக்போட்டின் பின்புறத்திலிருந்து பார்ஜின் கடைசி வரை 200 மீட்டரைத் தாண்டாததால், இரவில் கம்பத்தில் நெட்டுவாக்கில் இரண்டு வெள்ளை விளக்கு போதும், தாண்டினால் மூன்று. பின்விளக்குக்கு மேலே மஞ்சள் இழுவை விளக்கு, பார்ஜில் பக்க விளக்குகளும் பின்விளக்கும் தனியாக எரிய வேண்டும். ஆளில்லாத பார்ஜில் விளக்கு அணைந்து கிடந்தால், சின்ன மீன்பிடிப் படகு நடுவில் உள்ள கயிற்றில் வந்து ஏறும். பருவ மாதங்களில் விடியலுக்கு முன் மேற்கே கறுப்பாக மேகம் திரண்டால் சுமாத்திராக் காற்று என்ற திடீர்ப் பலத்த காற்று வருகிறது என்று அர்த்தம், அப்போது முகத்துவாரத்துக்கு வெளியே போவதில்லை.

ஏன் இழுக்கிறீர்கள், அமெரிக்காவில் தள்ளுகிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். மிசிசிப்பி ஆற்றில் 195 அடி நீளம், 35 அடி அகலம் உள்ள பார்ஜுகளை வரிசைக்கு மூன்றாக, ஐந்து வரிசை சேர்த்துக் கட்டி, பதினைந்தையும் ஒரே படகு பின்னாலிருந்து தள்ளும். எஃகுக் கம்பியும் ராட்செட்டும் வைத்து இறுக்கி மொத்தத்தையும் ஒரே உடலாக்கிவிடுவார்கள். தள்ளும் படகு மிக நன்றாக அடங்கும், பிரைடில் என்ற பேச்சே இல்லை. அலை இல்லாத ஆற்றுக்கு அது சரி. நீரிணையில் பார்ஜ் ஒரு அலையிலும் டக்போட் இன்னொரு அலையிலும் ஏறி இறங்கும், அந்த இறுக்கக் கட்டு அங்கே நிற்காது. எங்களுக்கு ஆற்றில் விலாக் கட்டு, வெளியே நீளக் கயிறு, இரண்டும் வேண்டும்.

மொத்தச் செலவு 4,000 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. அதில் பிரதான கயிறு 110 மீட்டருக்கு 950, சங்கிலி 780, வெல்டருக்கும் ராடுக்கும் 600. வீணாகப் போன 48 மில்லிமீட்டர் கயிற்றை இதில் சேர்க்கவில்லை, அதை இப்போது நங்கூரக் கயிறாக வைத்திருக்கிறோம்.

அடுத்த முறை செய்தால் சிலதை மாற்றுவேன். காதுகளுக்கு முன்னால் விளிம்பில் ஒரு தடித்த உருண்டைக் குழாயை ஒட்டியிருக்க வேண்டும். சங்கிலி அறுபடவில்லை, ஆனால் விளிம்புத் தகட்டில் பள்ளம் விழ ஆரம்பித்திருக்கிறது, அதை அடைக்க இன்னொரு முறை அறையைத் திறந்து காற்றடிக்க வேண்டும். கடையில் நின்றே ஷேக்கிள், வளையம், சங்கிலி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மாட்டிப் பார்த்துத்தான் பணம் கொடுப்பேன். பலம் குறைந்த துண்டுக்கு மாற்றாக இன்னொன்றை முதலிலேயே பின்னி வைத்திருப்பேன். இப்போது அதைச் செய்துவிட்டோம், டக்போட்டின் பின்தளப் பெட்டியில் வெயில் படாமல் இருக்கிறது. பாலிப்ரொப்பிலீனுக்கு வெயில் ஆகாது, மேலாக விரலால் தேய்த்தால் தூள் உதிர்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

கண்காணிப்புக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் விளிம்பில் உரசும் கண்ணிகளை வெர்னியரில் அளக்கிறோம். 13 மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்து 11.7க்கு வந்தால் சங்கிலி வேலைக்கு ஆகாது. கடைசியாக அளந்தபோது வலது கால் 12.6, இடது கால் 12.3. இடது பக்கம்தான் சீக்கிரம் தேய்கிறது. காலி பார்ஜோடு வடக்கே திரும்பும்போது மேற்கிலிருந்து வரும் அலை அந்தப் பக்கத்தைத் தள்ளுவது காரணமா என்று பார்க்க, இப்போது இரண்டு கால்களையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறோம்.